கல்கண்டுக் கிண்ணத்தின் அடிப்பக்கம்

ரூபியின் வலது கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தட்டோ கிண்ணமோ கரண்டியோ, எது அகப்பட்டாலும் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்துவிடும். தான் பார்ப்பதில்லை, கைதான் பார்க்கிறது என்பது ரூபியின் வாதம். ஒருமுறை சாப்பாட்டுக் கடையில் சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அது எந்த நாட்டில் செய்தது என்று கண்டுபிடித்து, மடியெல்லாம் சூப்போடு உட்லண்ட்ஸ் வீடு வரை சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் வந்திருக்கிறாள். "மோட்சத்துக்குப் போனாலும் சம்மனசு தலையில இருக்கற வளையத்தக் கழட்டி, பின்பக்கம் முத்திரை இருக்கான்னு பாப்பா" என்று அவள் கணவர் ரோனி சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எல்லாம் ஒரு வகுப்பால் வந்த வினை. கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்ற பிறகு, வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் பழம்பொருள்கள் பற்றி ஒரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள். ஐந்து வாரப் படிப்பு. மூன்றாவது வாரம் ரஷ்ய வெள்ளி. பாடம் நடத்திய சீனப் பெண்மணி ஒரு சின்னக் கரண்டியைக் கை மாற்றிக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முறுக்கிய வெள்ளிக் கம்பியால் பூவும் இலையும் போட்டு, கம்பிக்குள் வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பி, சூளையில் உருக்கி எடுத்த எனாமல் வேலை. நீலத்துக்குள் ஒரு வெள்ளை, வெள்ளைக்குள் ஒரு சிவப்பு. ரூபிக்கு அந்த வயதில் காதல் வந்தது அந்தக் கரண்டியின்மேல்தான்.

ஜார் மன்னர் காலத்துச் சாமானாக இருந்தால் அடியில் 84 என்ற எண்ணும், தலையணி சூடிய ஒரு பெண்ணின் முகமும் பொடியாகக் குத்தியிருக்கும். மன்னரைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் காலத்தில், பிற்பாடு, ஒரு நட்சத்திரமும் அதற்குள் சுத்தியல் அரிவாளும். இதையெல்லாம் ரூபி கரைத்துக் குடித்தாள். நான்காவது வாரம் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டாள். ஐந்தாவது வாரம் வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த காய்ச்சலோடு படுத்திருந்தாள். ஆகவே பழம்பொருள் விஷயத்தில் அவள் முக்கால்கூட இல்லை, அரைக்கு மேல் கொஞ்சம்.

போதாததற்கு, சர்ச்சில் பழைய சாமான் விற்பனை நடந்தபோது, தாய்லாந்துக் கரண்டி என்று எல்லோரும் ஒதுக்கிய ஒன்றை அவள் கவிழ்த்துப் பார்த்து ரஷ்யா என்றாள். சொன்னது சரியாகப் போய்விட்டது. தப்பாகப் போயிருந்தால் அவளும் பிழைத்திருப்பாள், அவளைச் சுற்றி இருந்தவர்களும் பிழைத்திருப்பார்கள். அன்றிலிருந்து யார் வீட்டில் எந்தக் கிண்ணம் அகப்பட்டாலும் "ரூபி ஆன்ட்டிகிட்ட காட்டுங்க" என்று ஆகிவிட்டது. பாடம் நடத்திய அம்மாள் முதல் நாளே ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்: முதலில் கவிழ்த்துப் பார், பிறகு வாயைத் திற. அந்த விதியை ரூபி தலைகீழாகக் கடைப்பிடித்தது, கடைசியில், தன் மகனுடைய நிச்சயதார்த்தத்தில்.

மகன் மார்வின் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். பெண் அனிதா வங்கியில் வேலை செய்கிறவள். அவள் அப்பா கோவிந்தராசு கப்பல் பட்டறையில் பொறியாளராக வேலைக்கு வந்து கிளமெண்டியில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர், சொந்த ஊர் மன்னார்குடி. மார்வினும் அனிதாவும் பழகி நான்கு வருஷம். அந்த நான்கு வருஷமும் அனிதாவின் அம்மா சுசீலா, வேதக்கார வீட்டில் பெண் கொடுப்பதா என்ற ஒரே கேள்வியில் உட்கார்ந்திருந்தாள். கோயிலில் தாலி, சர்ச்சில் மோதிரம் என்று ஒருவழியாக முடிவாகி, தை மாதத்துக்குப் பேசி, லிட்டில் இந்தியாவில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் தட்டு மாற்றிக்கொள்ள ஏற்பாடானது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்த கையோடு ரூபி வீட்டார் வந்து இறங்கினார்கள். சுசீலா வரவேற்றாள். உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பில்லை.

பெண் வீட்டுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. பூ, பழம், வெற்றிலை பாக்கு, புடவை. நடுத்தட்டில் ஒரு சின்னக் கிண்ணம், அது நிறையக் கல்கண்டு. நீலத்துக்குள் வெள்ளை, வெள்ளைக்குள் சிவப்பு, சுற்றிலும் முறுக்குக் கம்பி.

ரூபி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இது ரஷ்யன் எனாமல் ஆயிற்றே என்று வாய்விட்டுச் சொன்னாள். கோவிந்தராசுவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. தான் லெனின்கிராடில் கப்பல் கட்டும் படிப்புப் படித்தபோது வாங்கியது, இத்தனை வருஷத்தில் சிங்கப்பூரில் இதை அடையாளம் கண்டுபிடித்த முதல் ஆள் நீங்கள்தான் என்றார். உடனே ரூபி வீட்டுப் பக்கத்திலிருந்து நாலைந்து குரல்கள், ஆன்ட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி, எந்தக் காலத்தது என்றுகூடச் சொல்லிவிடுவார்கள் என்றன. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுசீலாவும் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் கெடுத்தது. நான்கு வருஷமாகக் கிடைக்காத ஒரு சிரிப்புக்கு இதோ வழி திறந்திருக்கிறது என்று ரூபிக்குத் தோன்றிவிட்டது. கிண்ணத்துக்கும் அவளுக்கும் இடையில் ஒரு மேசையும் இரண்டு தாம்பாளமும் இருந்தன. மூக்குக்கண்ணாடி கைப்பைக்குள் இருந்தது.

"ஜார் மன்னர் காலத்துது சம்பந்தியம்மா. நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். இதெல்லாம் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள வைக்க வேண்டிய சாமான். நீங்க கல்கண்டு போட்டு எங்களுக்குத் தர்றீங்க."

சுசீலா சிரித்தாள். நிஜமாகவே, பல் தெரிய. சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்துக் கிண்ணத்தைப் படம் பிடித்து, மன்னார்குடிச் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வரியோடு அனுப்பினாள். கோவிந்தராசு ஏதோ சொல்ல வாயெடுத்தவர், மனைவி சிரிப்பதைப் பார்த்து அதை விழுங்கிவிட்டார்.

பிறகு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள், நாள் வாசித்தார்கள், தட்டு மாற்றினார்கள். நடுத்தட்டு ரூபியின் மடிக்கு வந்தது. மார்வினும் அனிதாவும் எழுந்து நின்று எல்லோரையும் கும்பிடுகிறார்கள். வீட்டார் அத்தனை பேர் கண்ணும் அந்தப் பக்கம். ரூபியின் கண்ணும் அந்தப் பக்கம்தான் இருந்தது, மகனைப் பார்த்துக் கலங்கிக்கொண்டு. கைக்கு மட்டும் கண் கலங்கவில்லை. அது தன் வேலையைப் பார்த்தது.

கல்கண்டு முதலில் தாம்பாளத்தில் கொட்டியது. பிறகு மடியில். பிறகு தரையில் விழுந்து, வழவழப்பான பளிங்குத் தரையில் உருண்டு, ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் ஒரு விசாரிப்பு நடத்திவிட்டு வந்தது. பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி, யாருக்கும் கேட்கக் கூடாது என்ற குரலில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நெறஞ்ச பாத்திரத்தக் கவுத்துட்டாங்களே" என்றாள்.

அதை மட்டும்கூடச் சமாளித்திருக்கலாம். வயதானவள், கை நடுங்கியது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கிண்ணம் கவிழ்ந்து கையில் இருக்கும்போது ரூபியின் கண் அதன் அடிப்பக்கத்தில் விழுந்தது. வெள்ளியின் தரத்தைச் சொல்லும் 916 என்ற எண். பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்குள், ஈயின் தலையளவு, சுத்தியலும் அரிவாளும். ஜாரைக் காணோம்.

ரூபியின் முகம் ரகசியம் காக்கத் தெரியாத முகம். சீட்டாட்டத்தில்கூட அவளை யாரும் கூட்டாளியாகச் சேர்ப்பதில்லை. அந்த முகம், அத்தனை பேர் பார்க்க, திறந்த வாயோடு தொங்கியது. நிமிர்ந்தபோது நேர் எதிரில் சுசீலா.

"அசல்தான்" என்றாள் ரூபி. யாருக்கும் கேட்கவில்லையோ என்று நினைத்து, "அசல்தாங்க" என்று இன்னொரு முறையும் சொன்னாள். ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள்.

சுசீலா மண்டியிட்டு, நாற்காலிகளுக்கு அடியில் கையை விட்டு, கல்கண்டை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். ரூபி உதவிக்குக் குனிந்தபோது, இருக்கட்டும் என்றாள். சாப்பாட்டின்போது பாயசம் வேண்டுமா என்று தானே வந்து கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லாமல் ரூபி மூன்று முறை வாங்கிக் குடித்தாள்.

அடுத்த சில நாளில் சேதி மார்வின் வழியாக வந்தது. அனிதாவின் அம்மா தை மாதத்தைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்கிறார்களாம். பார்க்கலாம் என்ற சொல்லுக்குத் தமிழ்ச் சம்பந்திகளிடையே என்ன பொருள் என்று ரூபிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தை விட்டால் தவக்காலம் வந்துவிடும், சர்ச்சில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தவக்காலம் போனால் அவர்கள் பக்கம் ஏதாவது ஒரு மாதம் ஆகாது. அடுத்த தை என்பார்கள். அடுத்த தை என்பது வராத தை. இதற்கிடையில், கேட்டு வைத்த தேதியை உறுதி செய்யச் சொல்லி சர்ச்சிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள்.

கிண்ணம் பிடிக்காவிட்டால் வேறு வாங்கித் தருவதாகவும் சுசீலா சொல்லியிருந்தாள்.

மார்வின் கத்தியிருந்தால் ரூபிக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் கத்துகிற பிள்ளை இல்லை. டீயை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "வீட்டுக்கு வந்து பாத்திருக்கலாம்லா மா" என்றான் கடைசியில். "யாரும் அதத் திருப்பி வாங்கிக்கப் போறதில்லையே."

அன்று சாயங்காலம் ரூபி சமையலறை ஜன்னல் வெளிச்சத்தில் கிண்ணத்தை முறையாகப் பார்த்தாள், இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் வில்லை ஒன்று அவளிடம் இருந்தது. அதை வைத்தபடி எழுந்து நடந்து கதவில் இடித்துக்கொண்ட வரலாறும் உண்டு. எனாமலைக் கன்னத்தில் வைத்தாள். கண்ணாடிக்கே உரிய குளிர்ச்சி. பிளாஸ்டிக் குழம்பை ஊற்றி ஏமாற்றுகிறவர்கள் வேலையில் அந்தக் குளிர்ச்சி வராது. வில்லை வழியாகப் பார்த்தால், கம்பிக்குள் அங்கங்கே ஊசி முனையளவு குழி; சூளையில் கண்ணாடி கொதித்து அடங்கிய இடம். பிடிக்கும்போது கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் தங்க முலாம் தேய்ந்து, உள்ளே வெள்ளி வெளுத்துத் தெரிந்தது. தேய்க்க வேண்டும் என்று தேய்த்தவன் வேலையாக இருந்தால் எல்லா இடத்திலும் தேய்ந்திருக்கும். முத்திரை ஓரம் மழுங்காமல், குத்தினது குத்தினபடி இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நல்ல சாமான். அழுகை வருகிற அளவுக்கு நல்ல சாமான்.

ரோனி பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், அசல்தானே, போய்ச் சொல்லிவிட்டு வா என்றார். ஏற்கெனவே இரண்டு தடவை சொன்னேனே, நம்பவில்லையே என்றாள் ரூபி.

"கிண்ணம் அசல், நான்தான் போலின்னு சொல்லு. நம்புவாங்க."

கட்டிக்கொண்ட நாளிலிருந்து ரூபிக்கு அவரிடம் பிடிக்காத விஷயமே இதுதான். எப்போதாவது ஒருநாள் சரியாகச் சொல்லிவிடுவார்.

மறுநாள் கிண்ணத்தைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கிளமெண்டிக்குப் புறப்பட்டாள். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறும்வரை, என்ன பேசுவது, எங்கே ஆரம்பிப்பது, முத்திரையை எப்படிக் காட்டுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். சாட்சியைக் கையோடு கொண்டுபோகிற வக்கீல் மாதிரி அவளுக்குத் தன்மேல் ஒரு மரியாதைகூட வந்திருந்தது. மின்தூக்கியிலேயே துண்டைப் பிரித்து, கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதவு திறந்ததும் பேச்சை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

சுசீலா கதவைத் திறந்தாள். ரூபியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தாள்.

"கொண்டு வந்துட்டீங்களா" என்றாள்.

சொல்லிவிட்டு உள்பக்கம் திரும்பி, "என்னங்க, சீரத் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க" என்றாள். கோபமில்லாத குரல். எதிர்பார்த்த தபால் வந்து சேர்ந்ததைச் சொல்கிற குரல்.

அப்போதுதான் ரூபிக்கு உறைத்தது. மாற்றிய தட்டிலிருந்து ஒரு சாமானை, அதுவும் வெறுங்கிண்ணமாக, தனியாகத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டு வாசலில் போய் நின்றால் அதற்கு ஊர் உலகத்தில் ஒரே அர்த்தம்தான். தாலி கட்டுவதற்குமுன் இதைவிடத் தெளிவாகச் சம்பந்தத்தை முறிக்க வேறு வழியே கிடையாது. ரூபி அதை உட்லண்ட்ஸிலிருந்து பத்திரமாக, துண்டு சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள். உள்ளே அனிதாவின் அறைக் கதவு திறந்து, யாரோ எட்டிப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

"இல்ல, இல்ல சம்பந்தியம்மா, குடுக்க வரல. காட்ட வந்தேன்."

"இன்னும் என்னத்தக் காட்டணும்? அன்னைக்குத்தான் எல்லாருக்கும் காட்டிட்டீங்களே."

கோவிந்தராசு சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வந்து, வாசலில் வைத்து என்ன பேச்சு, உள்ளே வரட்டும் என்றார். உட்கார்ந்தார்கள். ரூபி கிண்ணத்தை மேசையில் வைக்கப் போனாள்; வைத்தால் திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும் என்று பயந்து மடியிலேயே வைத்துக்கொண்டாள். ரயிலில் ஒத்திகை பார்த்ததில் ஒரு வரியும் ஞாபகத்தில் இல்லை. கிண்ணம் வெள்ளிதான், எனாமல்தான், ரஷ்யாதான் என்று ஆரம்பித்தாள். அடியில் இருப்பது ஜார் காலத்து முத்திரை இல்லை, அதற்கு ரொம்பப் பிற்பாடு வந்த அரசாங்கத்து முத்திரை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றாள்.

"இதுலயே தெரிஞ்சுக்கலாங்க. ஏமாத்தறவன் என்ன செய்வான்? ஜார் முத்திரையத்தான் குத்துவான். அதுக்குத்தான் வெல. இந்த நட்சத்திரத்தப் போலியாக் குத்தி யாருக்கு என்ன லாபம்? அதனாலதான் சொல்றேன், இது அசல்."

கோவிந்தராசு தலையாட்டினார். எண்பத்தேழிலோ எட்டிலோ, விடுதியைப் பார்த்துக்கொண்ட ஒரு ரஷ்யக்கார அம்மாளிடம் ஊரிலிருந்து கொண்டுபோன மடக்குக் குடை ஒன்றையும் இரண்டு டீத்தூள் பொட்டலத்தையும் கொடுத்து இதை வாங்கினாராம். அந்த அம்மாளுடைய கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது. புருஷனோடு சண்டை, கிண்ணம் கண்ணிலேயே படக்கூடாது, குடை போதும் என்றாளாம். ஜார் என்று அவளும் சொல்லவில்லை, தானும் ஒருநாளும் சொன்னதில்லை என்றார்.

சுசீலா அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப அன்னைக்கு ஏன் வாய மூடிட்டு இருந்தீங்க?"

"அவங்க அவ்வளவு அழகாச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல நானே நம்பிட்டேன்."

சுசீலா அவரை அப்படியே விட்டுவிட்டு ரூபியிடம் வந்தாள். அவள் கேட்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. அதை இத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரிங்க. அசல்னா அன்னைக்கு எதுக்கு அந்த மூஞ்சி?"

ரூபி கிண்ணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கௌரவமாகச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். லேசாகத் தலைசுற்றல், சர்க்கரை இறங்கிவிட்டது, இப்படி இரண்டு மூன்று கைவசம் இருந்தன. மடி நிறையக் கல்கண்டோடு உட்கார்ந்திருந்தவளுக்குச் சர்க்கரை இறங்கியது என்றால் யார் நம்புவார்கள்?

"அது கிண்ணத்தப் பாத்த மூஞ்சி இல்லைங்க. என் வாயப் பத்தின மூஞ்சி. கண்ணாடிகூடப் போடாம ஜார் மன்னர்னு அளந்துட்டேன். கவுத்தா நட்சத்திரம் இருக்கு. அத்தன பேர் முன்னால மாட்டிக்கிட்டேனேன்னு ஆயிருச்சு. உங்க சீரப் பத்தி அந்த நேரத்துல நான் நெனைக்கவே இல்ல. என்னப் பத்தித்தான் நெனச்சேன்."

"பாக்காம ஏன் சொல்லணும்?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதான். சிரிச்சீங்களே."

சுசீலா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு, தான் படுகிற பாடு இவர்கள் யாருக்கும் தெரியாது என்று ஆரம்பித்தாள். மன்னார்குடியில் இருக்கும் தன் அக்கா நாகம்மா, படம் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஜார் மன்னர் கிண்ணம் என்று சொல்லி முடித்துவிட்டாள். அதே அன்று மாலை, மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்ததும் முகம் எப்படிப் போயிற்று என்பதைக் கூடத்தில் இருந்த கிழவி அதே நாகம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். இப்போது ஊரில் பேச்சு வேறு.

"வேதக்காரங்க வீட்டுக்குப் பொண்ணையும் குடுத்து, போலிச் சாமானையும் குடுத்தேனாம். எங்க அக்காவே கேக்குது. ஒவ்வொருத்தருக்கும் நான் என்னன்னு பதில் சொல்றது? அந்தத் தையிலயே கல்யாணத்த வெச்சு, அவங்கள எல்லாம் கூப்பிட்டு, அவங்க முன்னாடி அந்தக் கிண்ணத்த எப்படி வைப்பேன்?"

தை ஏன் தள்ளிப் போயிற்று என்று ரூபிக்கு இப்போது விளங்கியது. கவிழ்ந்த பாத்திரமோ சகுனமோ வேதமோ எதுவுமில்லை. ஊரில் தலைநிமிர முடியவில்லை. அதைச் செய்தது ரூபியின் வாய். அதை எடுத்துவிடக் கூடியதும் அந்த வாய்தான்.

"உங்க அக்காவக் கூப்பிடுங்க" என்றாள். "நான் பேசறேன்."

சுசீலா கொஞ்சம் யோசித்துவிட்டு வீடியோ அழைப்புப் போட்டாள். நாகம்மாவின் நெற்றி முதலில் வந்தது, பிறகு முழு முகம், பின்னால் இன்னும் இரண்டு முகங்கள். சுசீலா கைபேசியை ரூபியின் கையில் கொடுத்தாள். ரூபி வணக்கம் சொல்லி, தொண்டையைச் செருமி, ரஷ்ய எனாமல் வெள்ளியில் முத்திரைகள் பல வகைப்படும் என்று தொடங்கினாள். தன் குரலில் அந்தப் பழைய கம்பீரம் ஏறுவது அவளுக்கே கேட்டது. ஆபத்து என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. தலையணி சூடிய பெண் முகம் வரை போய்விட்டாள். நல்லவேளை, நாகம்மா குறுக்கிட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ராசா காலத்துதா, இல்லையா?"

கொஞ்சம் பிந்தி என்று சொல்லலாம். ராஜா காலத்துப் பாணி என்று சொல்லலாம். இரண்டும் முழுப் பொய்யில்லை. ரூபியின் நாக்கு இரண்டையும் தயாராக வைத்திருந்தது. எதிரே சுசீலா, தன் பெண்ணின் பரீட்சை முடிவைப் பார்க்கிறவள் மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள் ரூபி. "ராசா செத்துப் பல வருஷம் கழிச்சுச் செஞ்சது. உங்க தங்கச்சி வீட்டுக்காரர் அங்க படிச்சப்போ வாங்கினது. நல்ல வெள்ளி, நல்ல வேலை. ராசா காலம்னு சொன்னது நான். பாக்காமச் சொன்னேன். சுசீலா நான் சொன்னதத்தான் உங்களுக்கு அனுப்பினாங்க. கவுத்துக் கொட்டினதும் நான்தான். மூஞ்சியத் தொங்கப் போட்டதும் நான்தான், சொன்னது தப்பாப் போச்சேன்னு."

பின்னாலிருந்த முகங்களில் ஒன்று சிரிக்க ஆரம்பித்து, நாகம்மாவின் தோளில் மறைந்துகொண்டது.

"வெள்ளிதானே?"

"வெள்ளி. சத்தியமா வெள்ளி. புளி போட்டுத் தேய்ச்சுறக் கூடாது, அவ்வளவுதான்."

நாகம்மா அடுத்த கேள்வியை ரூபி அங்கே இல்லாத மாதிரி தங்கையிடம் கேட்டாள். "ஏண்டி சுசீலா, அப்ப அந்தம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

சுசீலா ரூபியை ஒருமுறை பார்த்தாள். மடியில் கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கையை நீட்டிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாள் ரூபி. இப்படியொரு அவமானமான பதிலுக்காக அவள் வாழ்க்கையில் இவ்வளவு ஆவலோடு காத்திருந்ததில்லை.

"எங்க சம்பந்திக்கு அரகொறையாத் தெரியும்க்கா" என்றாள் சுசீலா. அப்படிச் சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பொங்கல் கழிச்சு வர்ற மாதிரி டிக்கெட்டப் போடு. தை கடைசில கல்யாணம். ரெண்டு எடத்துலயும் இருக்கணும் நீ, கோயில்லயும் சர்ச்லயும்."

உள்ளறைக் கதவு திறந்தது. அனிதா வந்து அம்மாவுக்குப் பின்னால் நின்றாள். அவள் கையிலிருந்த கைபேசி ஏற்கெனவே யாருக்கோ அடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் மார்வினுடைய குரல் "என்னாச்சு, என்னாச்சு?" என்று சின்னதாகக் கேட்டது.

மன்னார்குடியில் பேச்சு இன்னும் முடியவில்லை. டிக்கெட் போடுவது இருக்கட்டும், தன் மாமியார் காலத்து வெள்ளிச் செம்பு ஒன்று இருக்கிறது, தஞ்சாவூர் மகாராஜா கொடுத்தது என்று சொல்வார்கள், வரும்போது எடுத்துக்கொண்டு வருகிறேன், அந்தம்மா பார்த்துச் சொல்லட்டும் என்றாள் நாகம்மா.

"எடுத்துட்டு வாங்க" என்று ரூபி உடனே சொல்லிவிட்டாள். "தஞ்சாவூர்ச் செம்புன்னா கழுத்துப் பக்கம் ஒரு..."

சுசீலா அவளைப் பார்த்தாள்.

"எடுத்துட்டு வாங்க" என்றாள் ரூபி மறுபடியும். "பாத்துட்டு, தெரியலன்னு சொல்றேன்."